மிரட்டும் மேலாளரிடம் மாட்டிக்கொண்ட புதியவருக்கு

ஒரு விஷயத்தைக் கவனித்துப் பாருங்கள். மேலாளர் யாரையோ நிற்க வைத்துக் கத்திக்கொண்டிருக்கிறார். அவருடைய கைப்பேசி அடிக்கிறது, திரையில் அவருடைய மேலதிகாரியின் பெயர். அடுத்த நொடி குரல் பஞ்சாகிவிடும். "சொல்லுங்க சார், அதைத்தான் பாத்துட்டிருக்கேன் சார்." போனை வைத்ததும் விட்ட இடத்திலிருந்து கத்தல் தொடரும். "அவருக்குக் கோபம் வந்தா கண்ணு மண்ணு தெரியாது, மத்தபடி நல்ல மனுஷன்" என்று பழைய ஆட்கள் சமாதானம் சொல்வார்கள். கண்ணும் தெரிகிறது, மண்ணும் தெரிகிறது. யாரிடம் கத்தலாம், யாரிடம் கத்தக்கூடாது என்பது துல்லியமாகவே தெரிகிறது.

முதல் வேலையில் சேர்ந்தவர்கள், அல்லது புது மேலாளருக்குக் கீழே வந்து தினமும் வயிற்றைக் கலக்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள், இவர்களுக்காக எழுதுகிறேன். அவரைத் திருத்துவது எப்படி என்று இதில் இருக்காது. அது உங்கள் வேலையும் கிடையாது, உங்கள் சம்பளத்துக்குக் கட்டுப்படியும் ஆகாது. ரிச்சர்ட் எமர்சன் என்ற சமூகவியலாளர் 1962-இல் எளிமையாக ஒன்றைச் சொன்னார்: ஒருவருக்கு உங்கள் மேல் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பது, நீங்கள் அவரை எவ்வளவு நம்பி இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உங்களுக்கு வேறு வழி கூடக்கூட அவருடைய பிடி தளரும். கீழே வரும் படிகள் எல்லாமே இந்த ஒரு வேலைக்காகத்தான். அவர் குணம் அப்படியே இருக்கட்டும், பிடியைத் தளர்த்துவோம்.

முதல் படி: கண்டிப்பா, கொடுமையா?

புதியவர்கள் இரண்டு பக்கமும் தடுமாறுவார்கள். சிலர் ஒரு திட்டு வாங்கியதும் கொடுமை என்று நினைத்துவிடுவார்கள். அதைவிட அதிகம் பேர் ஆறு மாதம் அவமானப்பட்டும் "நமக்குத்தான் வேலை தெரியல போல" என்று தங்களையே நொந்துகொண்டிருப்பார்கள்.

கண்டிப்பான மேலாளர் வேலையைப் பற்றிப் பேசுவார். "மூணாம் பக்கத்துல கூட்டல் தப்பு, மதியத்துக்குள்ள சரி பண்ணி அனுப்பு" என்பார். குரல் உயரலாம், முகம் கடுகடுக்கலாம். ஆனால் திருத்தி அனுப்பினால் விஷயம் முடிந்தது. மிரட்டுகிறவர் ஆளைப் பற்றிப் பேசுவார். படிப்பு, ஊர், உடம்பு, உச்சரிப்பு, குடும்பம் எல்லாம் நடுவில் வரும். திருத்தி அனுப்பினாலும் முடியாது. போன மாதத் தப்பு இந்த மாதமும் எடுத்துக்காட்டாக வரும். கண்டிப்பானவர் எல்லாரிடமும் ஒரே அளவுகோல் வைத்திருப்பார். மிரட்டுகிறவரிடம் மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் கணக்குதான்.

சத்தம் போடாத வகையும் உண்டு. அதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். கூட்டத்துக்கு உங்களை மட்டும் அழைக்காமல் விடுவது, வேண்டிய தகவலைத் தராமல் வைத்திருந்து கடைசி நேரத்தில் "ஏன் முடிக்கல" என்பது, உங்கள் வேலையைத் தன் பெயரில் காட்டுவது, நீங்கள் பேசும்போது மட்டும் கைப்பேசியை எடுப்பது, முடிக்கவே முடியாத கெடு வைப்பது. ஒவ்வொன்றையும் தனியாகச் சொன்னால் "இதெல்லாம் ஒரு விஷயமா" என்று தோன்றும். சேர்த்து அடுக்கினால்தான் உருவம் தெரியும்.

ஸ்வீடனில் 1980-களில் இந்தத் துறையைத் தொடங்கிவைத்த உளவியலாளர் ஹைன்ஸ் லேமன் ஒரு அளவு வைத்திருந்தார். வாரம் ஒரு முறையாவது, குறைந்தது ஆறு மாதம் நடந்தால் அதைக் கூட்டுத் துன்புறுத்தலாகக் கணக்கில் எடுத்தார். ஆய்வுக்கு அந்தக் கணக்கு சரி. நீங்கள் ஆறு மாதம் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். வேறு வேறு நாட்களில், வேறு வேறு காரணத்துக்கு, ஒரே மாதிரி உங்களை மட்டம் தட்டியது மூன்று முறை என்றால் அடுத்த படிக்குப் போய்விடுங்கள். இது என் சொந்த அளவு, எந்த விதியும் இல்லை.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். கை வைப்பது, பாலியல் சீண்டல், சாதி, மதம் அல்லது இனத்தைச் சொல்லி இழிவுபடுத்துவது, இதற்கெல்லாம் மூன்று முறை கணக்கு கிடையாது. முதல் முறையே நேராகப் புகார்தான். பல நாடுகளில் அதற்குத் தனிச் சட்டமும் தனி வழியும் இருக்கின்றன.

இரண்டாம் படி: நாற்காலி என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியில் செய்ய வேண்டியது எதுவும் இல்லை, தெரிந்துகொள்வது மட்டும்தான். ஆனால் இது புரியாமல் மற்ற படிகளில் இறங்கினால், ஒன்று அவரை அரக்கன் ஆக்குவீர்கள், இல்லாவிட்டால் உங்களையே குற்றவாளி ஆக்கிக்கொள்வீர்கள்.

அமெரிக்க உளவியலாளர் டாக்கர் கெல்ட்னர் குழுவினர் ஒரு சோதனை நடத்தினார்கள். மூன்று மூன்று பேராக மாணவர்களை உட்கார வைத்து, ஒருவரைச் சும்மா குலுக்கல் முறையில் தலைவராக்கினார்கள். அவருக்கென்று எந்தத் தகுதியும் கிடையாது. கொஞ்ச நேரம் கழித்து, ஆளுக்கு ஒன்று போக மிச்சம் வரும்படி ஒரு தட்டில் பிஸ்கட் வந்தது. மிச்சத்தில் கை வைத்தவர்களில் தலைவர்கள்தான் அதிகம். வாயைத் திறந்து மென்று, துகள் சிந்தச் சாப்பிட்டதிலும் அவர்களே முன்னால் நின்றார்கள். அரை மணி நேரத் தலைமை, அதுவும் பெயருக்கு.

2006-இல் ஆடம் காலின்ஸ்கியும் உடன் ஆய்வு செய்தவர்களும் வேறு விதமாகப் பார்த்தார்கள். ஒரு பகுதியினரை, தாங்கள் அடுத்தவர் மேல் அதிகாரம் செலுத்திய நேரத்தை நினைத்து எழுதச் சொன்னார்கள். மற்றவர்களை, அடுத்தவர் தங்கள் மேல் அதிகாரம் செலுத்திய நேரத்தை எழுதச் சொன்னார்கள். அப்புறம் எல்லாரிடமும், நெற்றியில் ஆங்கில 'ஈ' எழுத்தை எழுதச் சொன்னார்கள். எதிரில் இருப்பவருக்குச் சரியாகத் தெரியும்படியும் எழுதலாம், தனக்குச் சரியாக இருக்கும்படியும் எழுதலாம். தனக்குச் சரியாக எழுதியவர்கள் அதிகாரத்தை நினைத்துக்கொண்ட பக்கத்தில் 33 சதவீதம், மறுபக்கத்தில் 12 சதவீதம். ஏறக்குறைய மூன்று மடங்கு. அதிகாரத்தை நினைத்துப் பார்த்ததற்கே இந்த வித்தியாசம் என்றால், பத்து வருடமாக அதில் உட்கார்ந்திருப்பவருக்கு உங்கள் முகம் வாடியது கண்ணில் படாததில் ஆச்சரியம் இல்லை.

இங்கே ஒரு சமமின்மை இருக்கிறது. நீங்கள் அவருடைய காலடிச் சத்தத்தை வைத்தே இன்று மனநிலை எப்படி என்று சொல்வீர்கள். அவருக்கு உங்கள் இனிஷியல்கூடத் தெரிந்திருக்காது. கீழே இருப்பவர் மேலே பார்த்தே ஆக வேண்டும், மேலே இருப்பவருக்குக் கீழே பார்க்கும் கட்டாயம் இல்லை. "நான் எவ்வளவு கஷ்டப்படறேன்னு அவருக்கே தெரியும்" என்று நம்பிக்கொண்டு காத்திருக்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் தெரியாது.

ஆனால் அடுத்தவரைக் கவனிக்காமல் இருப்பது வேறு, துன்புறுத்துவது வேறு. எல்லா மேலாளர்களும் மிரட்டுவதில்லையே. யார் மிரட்டுகிறார்? நதானியேல் ஃபாஸ்ட், செரீனா சென் இருவரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு பதில் தருகிறது. அதிகாரம் இருந்து, அந்த வேலைக்குத் தாம் லாயக்கில்லையோ என்ற பயமும் உள்ளே இருந்தால்தான் ஆள் பாய்கிறார். அதிகாரம் மட்டும் இருந்தாலோ பயம் மட்டும் இருந்தாலோ அப்படி ஆகவில்லை. அவர்களுடைய சுயமதிப்பைக் கொஞ்சம் தூக்கிவிட்டதும் அந்தப் பாய்ச்சல் அடங்கியது என்பதையும் அதே ஆய்வில் கண்டார்கள்.

ஃபாஸ்ட் இன்னும் இருவரோடு சேர்ந்து 2012-இல் செய்த ஆய்வு, அலுவலகத்தில் வேலை செய்த எவருக்கும் "அட, ஆமாம்" என்று தோன்ற வைக்கும். அதிகாரம் உண்டு, ஆனால் மரியாதை இல்லாத வேலை என்று கொடுக்கப்பட்டவர்கள்தான் கூட்டாளியை அதிகம் கேவலப்படுத்தும் செயல்களைத் தேர்ந்தெடுத்தார்கள். நாய் மாதிரி குரைக்கச் சொல்வதும் பட்டியலில் இருந்தது. பெரிய இயக்குநரைவிட, கையெழுத்துப் போட வேண்டிய நடுத்தர அதிகாரி உங்களை நான்கு நாள் அலையவிடுவது ஏன் என்று யோசித்திருப்பீர்கள். அவருக்கும் மேலிருந்து விழுகிறது. மேலே விழும் அடி கீழே கீழே இறங்குவதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

நாற்காலி எல்லாரையும் ஒரே மாதிரி கெடுப்பதும் இல்லை. 2001-இல் செரீனா சென்னும் இன்னும் இருவரும் நடத்திய சோதனையில், சிலரைப் பேராசிரியரின் நாற்காலியிலும் சிலரை வருகிறவர் உட்காரும் நாற்காலியிலும் உட்கார வைத்து, இன்னும் வந்து சேராத கூட்டாளியோடு வேலையைப் பங்கு பிரிக்கச் சொன்னார்கள். கொடுத்ததற்கு ஈடாக வாங்குவது என்று கணக்குப் பார்க்கும் மனப்போக்கு உள்ளவர்கள், பெரிய நாற்காலியில் உட்கார்ந்ததும் சுமையான வேலையை அடுத்தவர் தலையில் தள்ளினார்கள். அடுத்தவர் தேவையைப் பார்க்கும் மனப்போக்கு உள்ளவர்கள் அதே நாற்காலியில் உட்கார்ந்து கூடுதல் வேலையைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். ஆகவே "பதவி வந்தா எல்லாரும் அப்படித்தான்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது மிரட்டுகிறவருக்கு மற்றவர்கள் இலவசமாகத் தரும் சான்றிதழ்.

இதிலிருந்து நடைமுறைக்கு என்ன எடுத்துக்கொள்ளலாம்? அவருடைய பயத்தைத் தூண்டாதீர்கள். எல்லார் முன்னிலையிலும் "சார், அது அப்படி இல்லை, நேற்று நீங்களே வேற சொன்னீங்க" என்று திருத்தினால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அடி உங்களுக்குத்தான் விழும். கூட்டம் முடிந்து தனியாகச் சொல்லுங்கள், அல்லது எழுத்தில் கேளுங்கள். அவர் செய்ததில் உண்மையிலேயே நல்லது ஒன்று இருந்தால் அதைக் குறிப்பிட்டு நன்றி சொல்லுங்கள். ஜால்ரா போடச் சொல்லவில்லை. பொய்ப் புகழ்ச்சி அவருக்கும் தெரியும், பக்கத்து இருக்கைக்காரருக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

மூன்றாம் படி: எழுதி வையுங்கள்

எல்லாப் படிகளிலும் இதுதான் முக்கியம் என்பது என் கருத்து. வேறு எதுவும் செய்ய முடியாத நிலையில் இருந்தாலும் இதைச் செய்யுங்கள்.

அன்றன்றைக்கு, அன்றைக்கே எழுத வேண்டும். ஒரு வாரம் கழித்து எழுதினால் நடந்தது பாதி, மனதில் ஓடியது பாதி என்று கலந்துவிடும். அலுவலகக் கணினியில் வேண்டாம். சொந்த நோட்டு அல்லது சொந்தக் கைப்பேசி. இப்படி இருந்தால் போதும்:

"14-ஆம் தேதி, செவ்வாய், காலை 10.20. வாராந்திரக் கூட்டம். இருந்தவர்கள்: கணக்குப் பிரிவு அக்கா, என்னோடு சேர்ந்த இன்னொரு ட்ரெய்னி, வடிவமைப்புக் குழுவில் இருவர். மேலாளர் சொன்னது: 'உனக்கெல்லாம் யாரு வேலை குடுத்தது? இவனை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?' காரணம், என் அறிக்கையில் மூன்றாம் பக்கத்தில் கூட்டல் தவறு. அது என் தவறுதான். 11 மணிக்குத் திருத்தி அனுப்பினேன். அதன்பின் கூட்டம் முடியும்வரை என்னைப் பேச விடவில்லை, இரண்டு முறை கையைக் காட்டி நிறுத்தினார்."

இதில் சில விஷயங்களைப் பாருங்கள். அவர் சொன்ன வார்த்தை அப்படியே இருக்கிறது, "கேவலமாகப் பேசினார்" என்ற சுருக்கம் இல்லை. பார்த்தவர்கள் யார் என்று இருக்கிறது. தன் பக்கத் தவறை மறைக்கவில்லை. இந்தக் கடைசி விஷயத்தைத்தான் பலரும் விட்டுவிடுவார்கள். உங்கள் தவறை நீங்களே எழுதி வைத்திருந்தால், பின்னால் விசாரணையில் "இவன் வேலையே சரியில்ல, அதான்" என்று அவர் ஆரம்பிக்கும்போது அந்த ஆயுதம் மழுங்கிவிடும். "சைக்கோ", "சாடிஸ்ட்" மாதிரி வார்த்தைகளை நோட்டில் எழுதாதீர்கள். அவை நண்பர்களிடம் பேசுவதற்கு.

மெசேஜ், மின்னஞ்சல் எல்லாம் தேதி தெரியும்படி எடுத்து வையுங்கள். ஆனால் நிறுவனத்தின் ரகசியக் கோப்புகளைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடாதீர்கள். கதை அங்கேயே திசை மாறிவிடும், மிரட்டல் புகார் போய்த் தகவல் திருட்டுப் புகார் உங்கள் மேல் வரும். பேச்சை ரகசியமாகப் பதிவு செய்வதும் அப்படித்தான். சில நாடுகளில் அனுமதி உண்டு, சில நாடுகளில் அதுவே குற்றம். உங்கள் இடத்துச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் கேட்காமல் பதிவு பொத்தானைத் தொட வேண்டாம்.

வாய்வழி உத்தரவு கொடுத்துவிட்டு அப்புறம் "நான் எங்கே சொன்னேன்" என்று கைவிரிக்கிற ஆள் என்றால், ஒவ்வொரு பேச்சுக்குப் பின்னும் ஒரு சின்ன மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்:

"சார், காலையில் சொன்னபடி பழைய வாடிக்கையாளர் வேலையை நிறுத்திவிட்டுப் புதிய அறிக்கையை முதலில் முடிக்கிறேன். அதனால் பழைய வேலை வெள்ளிக்குப் பதில் திங்கள் ஆகும். நான் புரிந்துகொண்டதில் மாற்றம் இருந்தால் சொல்லுங்கள்."

குற்றச்சாட்டு ஒரு வரிகூட இல்லை, பணிவாகவும் இருக்கிறது. ஆனால் இனி அவர் பேச்சை மாற்ற முடியாது. பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, நீங்கள் அனுப்பியது இருக்கிறது. 2012-இல் வந்த ஓர் ஆய்வில், தன் முடிவுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்ற நிலையில் இருந்த தலைவர்கள் அதிகாரத்தைத் தன் வசதிக்குப் பயன்படுத்துவது குறைந்தது. உங்கள் மின்னஞ்சல் அந்தக் கணக்குக்கு ஒரு சின்ன ஆரம்பம்.

நான்காம் படி: தனியாக நிற்காதீர்கள்

மிரட்டுகிறவர்கள் முதலில் செய்வது ஆளைத் தனிமைப்படுத்துவது. உங்களோடு சாப்பிடப் போகிறவர்கள் மெல்ல மெல்ல வேறு மேசைக்குப் போவார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, பயந்தவர்கள். அவர்களிடம் "எனக்காகப் பேசுங்க" என்று கேட்டால் ஓடிவிடுவார்கள். சின்னதாகக் கேளுங்கள். "அக்கா, அன்னைக்குக் கூட்டத்துல அவர் சொன்னது உங்களுக்கும் அப்படித்தான் பட்டுச்சா, இல்ல நான்தான் பெருசா எடுத்துக்கிட்டேனா?" இந்தக் கேள்விக்கு யாரும் பயப்பட மாட்டார்கள், பதிலும் உபயோகமாக இருக்கும். "எனக்கும் நடந்திருக்குப்பா" என்ற வரி வரும் வாய்ப்பு நிறைய. வந்தால் அவரையும் தேதி போட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஒருவரின் புகார் தனிப்பட்ட மனஸ்தாபம் ஆகிவிடும், மூன்று பேரின் புகாரை அப்படித் தள்ள முடியாது.

வேறு பிரிவில் இருக்கும் ஒரு மூத்தவரோடு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். புலம்புவதற்காக இல்லை. உங்கள் வேலை எப்படிப்பட்டது என்று உங்கள் மேலாளரைத் தவிர இன்னொருவருக்கும் நேரில் தெரிந்திருக்க வேண்டும். உங்களைப் பற்றிச் சொல்ல மேலாளர் ஒருவர்தான் என்ற நிலை இருக்கும்வரை அவர் சொன்னதுதான் நீங்கள்.

தொழிற்சங்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சேருங்கள்.

அலுவலக வாட்ஸ்அப் குழுவில் மட்டும் எதையும் கொட்டாதீர்கள். மேலாளர் இல்லாத குழு என்று ஒன்று உண்டு என்று நம்புகிறீர்களா? ஸ்கிரீன்ஷாட் போய்ச் சேர இரண்டு நிமிடம் போதும்.

ஐந்தாம் படி: ஒரே ஒரு முறை நேரில்

இது எல்லாருக்கும் பொருந்தாது. கை ஓங்குகிற ஆள், பழிவாங்குவதில் பெயர் எடுத்த ஆள் என்றால் இந்தப் படியைத் தாண்டிவிடுங்கள், யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் தன் பேச்சு எப்படி விழுகிறது என்றே தெரியாத மேலாளர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். நெற்றி எழுத்துச் சோதனை சொன்னதும் அதைத்தானே. அவர்களில் சிலர் ஒரு முறை சொன்னதும் நிறுத்திவிடுவார்கள்.

திட்டு வாங்கிய சூட்டோடு போகாதீர்கள். மறுநாள், அவருக்கு அவசரம் இல்லாத நேரமாகப் பார்த்து, "சார், ஒரு அஞ்சு நிமிஷம்" என்று கேட்டுப் போங்கள். நீளமாக வேண்டாம்:

"சார், அந்த அறிக்கையில தப்பு இருந்தது உண்மைதான், சரி பண்ணிட்டேன். ஆனா எல்லார் முன்னாடியும் 'உனக்கெல்லாம் யாரு வேலை குடுத்தது'ன்னு சொன்னீங்க. அதுக்கப்புறம் நீங்க சொன்ன எதுவுமே என் மண்டையில ஏறல. தப்பு இருந்தா தனியா கூப்பிட்டுச் சொல்லுங்க சார், உடனே திருத்திக்கிறேன்."

"நீங்க எப்பவுமே இப்படித்தான்" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முறியும். ஒரு சம்பவம், அவர் சொன்ன வார்த்தை, அதன் விளைவு, இனி என்ன வேண்டும். அவ்வளவுதான். அவர் சிரித்து மழுப்பலாம், "உன் நல்லதுக்குத்தான்" என்று சொல்லலாம், கோபப்படலாம். எதுவானாலும் வாதாடாமல் "சரி சார்" என்று வெளியே வந்து, நேரத்தோடு நோட்டில் எழுதுங்கள். அடுத்த இரண்டு மூன்று வாரம் பாருங்கள். குறைந்தால் நல்லது. கூடினால், அவர் தெரிந்தேதான் செய்கிறார் என்பது உங்களுக்குத் தெளிவாகிவிட்டது. இரண்டாவது முறை போய்ப் பேச வேண்டாம்.

ஆறாம் படி: புகார்

மனிதவளத் துறை உங்கள் நண்பன் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள், எதிரி என்றும் நினைக்க வேண்டாம். அவர்கள் வேலை நிறுவனத்தைச் சிக்கலிலிருந்து காப்பது. ஆகவே உங்கள் வேதனையை மட்டும் கொட்டினால் ஆறுதல் கிடைக்கும். நிறுவனத்துக்கு இதில் என்ன சிக்கல் என்று காட்டினால் நடவடிக்கைக்கு வழி பிறக்கும். ஒரு வருடத்தில் அந்தக் குழுவிலிருந்து எத்தனை பேர் போனார்கள், எந்த வேலை தாமதமானது, எந்த விதிமுறை மீறப்பட்டது, இவையெல்லாம் அவர்களுக்குப் புரியும் மொழி.

முதலில் நிறுவனத்தின் நடத்தை விதிமுறையைத் தேடிப் படியுங்கள். வேலைக்குச் சேர்ந்த அன்று படிக்காமல் கையெழுத்துப் போட்ட காகிதங்களில் அதுவும் இருந்திருக்கும். புகாரை எழுத்தில், ஒரு பக்கத்துக்குள் கொடுங்கள். நோட்டிலிருந்து மூன்று நான்கு சம்பவங்களைத் தேதியோடு, சாட்சியோடு எடுத்துப் போடுங்கள். எல்லாவற்றையும் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள். கடைசியில் என்ன வேண்டும் என்று சொல்லுங்கள்: குழு மாற்றமா, விசாரணையா, கூட்டங்களில் இன்னொருவர் இருக்க வேண்டுமா. "நீங்களே பார்த்துச் செய்யுங்க" என்று விட்டால் எதுவும் நடக்காமல் போவதற்கு அதுவே போதும். புகார் பெற்றதற்கு ஒப்புகை வாங்குங்கள்.

சட்டம் இடத்துக்கு இடம் மாறும். வேலையிடத்தில் நடக்கும் வன்முறைக்கும் துன்புறுத்தலுக்கும் எதிராகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் நிறைவேற்றிய 190-ஆவது உடன்படிக்கை, 2021 ஜூன் 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரே முறை நடந்ததையும் திரும்பத் திரும்ப நடப்பதையும் அது கணக்கில் எடுக்கிறது. பயிற்சியில் இருப்பவர், தன்னார்வலர், வேலைக்கு விண்ணப்பித்தவர்கூட அதன் வரம்புக்குள் வருகிறார்கள், வேலை தொடர்பான மெசேஜ்களும் வருகின்றன. ஆனால் உங்கள் நாடு அதை ஏற்றுக்கொண்டிருந்தால்தான் அதன் பலன் கிடைக்கும். பிரான்சில் 2002-லிருந்து மனரீதியான துன்புறுத்தல் சட்டப்படி குற்றம். அங்கே பிரான்ஸ் டெலிகாம் நிறுவனத்தையும் அதன் முன்னாள் உயரதிகாரிகளையும் 2019 டிசம்பரில் பாரிஸ் நீதிமன்றம் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. தென்கொரியாவில் 2019 ஜூலையிலும் ஜப்பானில் 2020 ஜூனிலும் அதிகாரத் துன்புறுத்தலுக்கு எதிரான விதிகள் வந்தன. ஆஸ்திரேலியாவில் 2014-லிருந்து, இதை நிறுத்தச் சொல்லி ஆணை பிறப்பிக்கும்படி ஊழியரே அந்நாட்டின் தொழிலாளர் விவகார ஆணையத்திடம் கேட்கலாம். அதே சட்டம், நியாயமான நிர்வாக நடவடிக்கையை நியாயமான முறையில் எடுத்தால் அது மிரட்டல் ஆகாது என்றும் சொல்கிறது. முதல் படியில் பார்த்த வித்தியாசத்தைத்தான் சட்டமும் கேட்கும்.

புகார் கொடுத்த பிறகு உங்கள் வேலையில் ஒரு சின்னப் பிசகும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூதக்கண்ணாடி இப்போது உங்கள் மேல் இருக்கும். அநியாயம்தான், ஆனால் நடப்பு இதுதான்.

ஏழாம் படி: வாசலைத் திறந்து வையுங்கள்

ஏழாவதாக எழுதினாலும் இதை முதல் நாளே ஆரம்பிக்கலாம். எமர்சன் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள்: உங்களுக்கு வேறு வழி இருப்பதே அவருடைய அதிகாரத்துக்கு வரம்பு. சுயவிவரக் குறிப்பைப் புதுப்பிப்பது, மாதாமாதம் கொஞ்சம் பணம் ஒதுக்குவது, பழைய வகுப்புத் தோழர்களிடம் எங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்பது, எல்லாம் இதில் அடங்கும். வேறொரு இடத்திலிருந்து நேர்காணல் அழைப்பு கையில் இருக்கும் நாளில் அதே திட்டு எவ்வளவு லேசாக விழுகிறது என்று நீங்களே பார்ப்பீர்கள்.

எப்போது கிளம்புவது? தூக்கம் போய்விட்டது, ஞாயிறு மாலையே நெஞ்சு படபடக்கிறது, வீட்டில் எரிந்து விழுகிறீர்கள் என்றால் மருத்துவரைப் பாருங்கள், காரணத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் எழுதிக் கொடுக்கும் சீட்டு பின்னால் புகாருக்கும் உதவும். உயிரை விட்டுவிடலாமா என்ற நினைப்பு ஒரு முறை எட்டிப் பார்த்தாலும் அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், மருத்துவரிடம் போங்கள். அதற்குப் பிறகு நோட்டு, புகார், நோட்டீஸ் காலம் எதுவும் முக்கியம் இல்லை. மற்றபடி, கோபத்தில் ராஜினாமாக் கடிதத்தை மேசையில் வீசிவிட்டு வருவது சினிமாவில் நன்றாக இருக்கும். நீங்கள் அனுபவச் சான்றிதழும் பாக்கிச் சம்பளமும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

புது இடத்தில் நேர்காணலின்போது நீங்களும் இரண்டு கேள்வி கேளுங்கள். "இந்த வேலையில் எனக்கு முன்னால் இருந்தவர் இப்போது என்ன செய்கிறார்?" "குழுவில் ஒருவர் தவறு செய்தால் இங்கே எப்படிக் கையாளுவீர்கள்?" பதிலைவிட, பதில் சொல்வதற்கு முன்னால் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்களா என்று கவனியுங்கள். உங்களிடம் தேனாகப் பேசும் அந்த எதிர்கால மேலாளர், கதவைத் திறந்து எட்டிப் பார்த்த இளையவரிடம் எப்படிப் பேசுகிறார் என்பதையும் பாருங்கள். பழைய இடத்தைப் பற்றிக் கேட்டால் "வேலை கற்றுக்கொள்ள வேறு சூழல் தேடினேன்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: உங்களுக்குக் கீழே ஒருவர் வந்ததும்

ஓரிரு வருடத்தில் வருவார். உங்களிடம் வேலை கற்றுக்கொள்ள ஒரு ட்ரெய்னியை உட்கார வைப்பார்கள், உங்களுக்குப் பட்டம் எதுவும் மாறியிருக்காது. அங்கிருந்தே ஆரம்பிக்கிறது. உங்கள் சுமாரான ஜோக்குக்கு அவர் அதிகமாகச் சிரிப்பார். உங்கள் யோசனை தப்பு என்று தெரிந்தாலும் தலையாட்டுவார். கொஞ்ச நாளில் உங்களுக்கே உங்கள் ஜோக் நன்றாக இருப்பதாகத் தோன்றும்.

அவர் வேலையில் முதல் தப்பு செய்யும் அன்று உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வரியைக் கவனியுங்கள். பழைய மேலாளரின் வரி அட்சரம் பிசகாமல் வரலாம். வந்துவிட்டால் அதை எல்லார் முன்னிலையிலும் திரும்ப வாங்குங்கள். நீங்கள் சொன்னதைக் கேட்டவர்கள் யார் யாரோ, அவர்கள் இருக்கும்போதே, "நேத்து நான் பேசினது சரியில்ல, உன் வேலையில இருந்தது ஒரே ஒரு தப்புதான், அதை மட்டும்தான் சொல்லியிருக்கணும்" என்று சொல்லுங்கள். தனி மெசேஜில் 'சாரி' அனுப்பினால் அவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும். மற்ற நான்கு பேருக்கும், இங்கே இப்படிப் பேசலாம் போல என்பதுதான் ஞாபகத்தில் நிற்கும்.